விரலைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்

8 ஜூலை 1963, திங்கள்

காலையில் முதல் வேலையாக, காயாத ரவிக்கையை இட்லிப் பானை மூடியின் மேல் விரித்து வைத்தேன். நாலு நாளாகப் பம்பாயில் விடாத மழை. இட்லி வாசனையோடுதான் மாட்டுங்காவிலிருந்து சயானுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் இனாயத்துல்லாவின் பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. சீட்டு எழுதுவது, கடிதம் டைப் அடிப்பது, தமிழ்க்காரர்கள் வந்தால் அவர் சொல்வதைத் தமிழில் சொல்வது. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அவர் ஹிப்னாடிசம் செய்து பல் எடுக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய குரல் நான்தான்.

இன்று வந்தவள் ஏஞ்சலம்மாள். தாராவி, தோல் கிடங்கில் வேலை. நாற்பது வயது இருக்கும். இருதய வால்வில் கோளாறு. மூன்று கடைவாய்ப் பற்களில் சீழ் வைத்திருக்கிறது. அது இரத்தத்தில் கலந்து இருதயத்துக்குப் போனால் பிழைப்பது கஷ்டம், ஒரு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் வேறு எங்கோ மரத்துப்போகிற ஊசி போட்டதும் மூச்சு நின்று, நீலம் பாரித்து விழுந்தாளாம். மயக்க மருந்தும் கூடாது. கடைசியாக இங்கே வந்திருக்கிறாள்.

“மை வச்சு மயக்குத வேலையாம்மா இது? எங்க மாதா கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா பூசையில அப்பம் தரமாட்டாவ, என்னைய நன்மை வாங்க விடமாட்டாவளே” என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “முதலில் சாமியாரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் நான் செய்ய மாட்டேன்” என்றார். ஒரு முஸ்லிம் டாக்டர் இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

11 ஜூலை, வியாழன்

சாமியார், “பல்லப் பிடுங்கத்தான போற, ஞானஸ்நானத்தையா பிடுங்கப் போறாங்க?” என்றாராம்.

முதல் நாள் பழக்கம் மட்டும். கருவி எதையும் கையில் எடுக்க மாட்டார். தொடங்கும் முன் எப்போதும் ஒன்றைச் சொல்வார். “இந்த நாற்காலியில் எஜமானி நீங்கள். ஒரு விரலைத் தூக்கினால் போதும், நான் எதைச் செய்துகொண்டிருந்தாலும் நிறுத்திவிடுவேன். எழுந்து போகவும் செய்யலாம்.”

நான் அதைச் சுருக்கி, “பயப்படாதீங்க, அசையாம இருங்க” என்று முடித்துவிட்டேன். விரல் கதையைச் சொன்னால் இவள் தொட்டதற்கெல்லாம் தூக்குவாள். வெளியே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

15 ஜூலை, திங்கள்

“உங்கள் மனசுக்கு நிம்மதியான இடம் எது?” என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கடல், கோவில் என்று சிலர் சொல்வார்கள். இவள் ஊரைச் சொல்வாள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

“ஊரா? அங்க என்ன சொகத்தக் கண்டேன்?” என்றாள். யோசித்துவிட்டு, “தண்ணிக் குழாய்ல மொத ஆளா நிக்கது. பின்னால ஒருத்தியும் இல்ல. கொடம் ரொம்புது. எவளும் ஏசல” என்றாள்.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இதுவரை தான் கேட்டதிலேயே நல்ல இடம் இதுதான் என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். அந்தக் குழாய்த் தண்ணீரை அவள் கற்பனையில் தாடைமேல் விழ வைக்க வேண்டும், சில்லிட்டு மரத்துப்போகும் வரை. அதுதான் திட்டம்.

ஆனால் கண்ணை மூடினாளே தவிர, முந்தானையைப் பிடித்த கை விடவே இல்லை.

18 ஜூலை, வியாழன்

இன்றும் பலிக்கவில்லை.

22 ஜூலை, திங்கள்

மகள் ரோசம்மா கூட வந்தாள். பதினாறு வயது. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாளாம், இந்தி சரளம். டாக்டர் இந்தியில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். மூலையில் நின்றவள் திடீரென்று குறுக்கே பேசினாள்.

“ஆன்ட்டி, விரலத் தூக்கினா நிறுத்திருவேன்னு டாக்டர் சொன்னாரே. அத நீங்க சொல்லவே இல்லியே?”

“ஏட்டி, வாய மூடு. பெரியவங்கள...” என்று ஏஞ்சலம்மாள் அதட்டினாள்.

எனக்குக் காது சுட்டது. “மறந்துட்டேன்” என்றேன்.

“மறதி ஆருக்குத்தான் இல்ல” என்றாள் ஏஞ்சலம்மாள். பிறகு மெதுவாக, “நிறுத்திருவாவளா? நெசமாவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் கட்டிப்போட்டது போல அல்லவா உட்கார வைத்திருக்கிறேன், நாலு தடவை!

டாக்டரிடமும் மறந்துவிட்டதாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “தப்பு என்னுடையது. இந்த அம்மாவின் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் அவர் நம்பிக்கையைக் கேட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

23 ஜூலை, செவ்வாய்

மறந்தேனா? இல்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

செம்பூர் பாங்க் ஆபீசர் மனைவிக்கு விரல் விஷயத்தைச் சொன்னேன். போன பங்குனியில் கணக்கு வாத்தியார் வானமாமலைக்கு இரண்டு தரம் சொன்னேன். அப்போதும் வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஏஞ்சலம்மாளுக்கு மட்டும்தான் சொல்லவில்லை. தாராவிக்காரி, இடம் கொடுத்தால் தலைக்கு மேல் போவாள் என்று — ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். பி.ஏ. படித்தேனாம்.

ராத்திரி வீட்டில் இவரிடம் பாதி சொன்னேன். “கண்ண மூடிண்டு இன்னொருத்தர் சொல்றதக் கேக்கறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்குடி? இருபது வருஷமா நான் அதத்தானே இந்தாத்துல பண்ணிண்டிருக்கேன்” என்றார். சிரிப்பு வந்தது. மீதிப் பாதியைச் சொல்லவில்லை.

25 ஜூலை, வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

ஏஞ்சலம்மாள் வந்ததும், டாக்டர் நாற்காலியில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார். “இன்று நீங்கள் டாக்டர்” என்றார். கையைக் கழுவச் சொல்லி, வாய் பார்க்கும் கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எம்மா, நான் தோலப் புரட்டுத கையி. இவிய வாயிலயா விடச் சொல்லுதாவ?”

“விடுங்க. அவர் விரலைத் தூக்கினா மட்டும் உடனே எடுத்துடணும்” என்றேன்.

விட்டாள். டாக்டர் விரலைத் தூக்கினார். வெடுக்கென்று எடுத்துவிட்டாள். மறுபடி விட்டாள். தூக்கினார், எடுத்தாள். ஐந்தாவது தடவை தைரியமாகக் குனிந்து பார்த்துவிட்டு, “எட்டி ரோசம்மா, இங்க வாயேன்! டாக்டருக்கே ரெண்டு பல்லு சொத்த!” என்றாள். நான் தயங்கித் தயங்கி அதை இந்தியில் சொன்னேன். டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு அவள் உட்கார்ந்தாள். நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். மூன்று முறை விரலைத் தூக்கிப் பார்த்தாள். மூன்று முறையும் டாக்டர் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான்காவது முறை தூக்கவில்லை. முந்தானையிலிருந்து கை தானாக நழுவி மடியில் விழுந்தது. தாடையை ஊசி முனையால் தொட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

பல்லைக் காட்டிச் சிரிக்கவே கூச்சப்படுகிற ஊரில், இந்த மனிதர் வாயைத் திறந்து கொடுத்தார். கௌரவம் என்பது இவருக்கு எங்கே இருக்கிறதோ, நிச்சயம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

29 ஜூலை, திங்கள்

எடுத்தாயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பென்சிலின் முன்பே போட்டாயிற்று. வார்த்தையாலேயே அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். குடம் நிரம்புகிறது, யாரும் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் தாடையில் விழுகிறது, சில்லென்று இருக்கிறது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. முதல் பல் வந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

இரண்டாவது பல்லை இடுக்கியால் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தபோது விரல் எழுந்தது.

நாடி பார்த்தவர், “பாதியில் விடாதீர்கள்!” என்றார் ஆங்கிலத்தில். டாக்டர் இடுக்கியை எடுத்துத் தட்டில் வைத்தார். டக் என்று சத்தம். எல்லோரும் நின்றோம். ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு யுகம். எழுந்து போய்விடுவாளோ? போனால் அந்தச் சீழ்...

ஏஞ்சலம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். தட்டில் இருந்த இடுக்கியைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்” என்றாள், வாயில் பஞ்சோடு. கண்ணை மூடிக்கொண்டாள்.

மீதி இரண்டும் அவள் அசையாமலே வந்தன. டாக்டர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, “மிஸஸ் சங்கரன், இருபது வருஷத்தில் என்னை இவ்வளவு நன்றாகப் பரீட்சை செய்தவர் யாரும் இல்லை” என்றார். வாயெல்லாம் ரத்தமாக, உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்கத் தோன்றியதே அவளுக்கு! நான் அவள் இடத்தில் இருந்தால் பல்லோடு சேர்த்துச் சொல்லையும் விழுங்கியிருப்பேன்.

1 ஆகஸ்ட், வியாழன்

புண் ஆறுகிறது. ஜுரம் இல்லை.

8 ஆகஸ்ட், வியாழன்

ஏஞ்சலம்மாள் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாள். சேசம்மாள், சபுரா. இருவருக்கும் ஊசி என்றால் பயம். சேசம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள்.

“வா பிள்ள. பாய் டாக்டரு பேசுதது நமக்குப் புரியாது, அது கெடக்கு. இந்த அம்மா சொன்னா நம்பலாம். மொதல்ல ஒரு சொல்ல மறந்துட்டாவ, பாவம். அதுக்குப் பொறவு ஒண்ணு விடல” என்று என் கையைப் பிடித்து அவள் கையில் வைத்தாள் ஏஞ்சலம்மாள்.

சேசம்மாள் உள்ளே வந்தாள். முதல் தடவை உட்காரத் திங்கட்கிழமை வரும்படி சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த ‘பாவம்’ இப்போதும் காதில் இருக்கிறது.

10 ஆகஸ்ட், சனி

இரண்டு நாளாக யோசித்து முடித்துவிட்டேன். இவருக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது.

நாளை ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து ஏஞ்சலம்மாள் வீட்டில் இருப்பாள். தாராவிக்குப் போய், அது மறதி இல்லை என்று சொல்லப் போகிறேன். யாருக்கெல்லாம் சொன்னேன், அவளுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்பதையும். சேசம்மாளும் அங்கே இருந்தால் அவள் முன்னாலேயே.

திங்கட்கிழமை அவர்கள் வராமல் போகலாம். வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம்.