முன்விளிம்புச் சுவிட்ச்

சிதம்பரம், 18 அக்டோபர் 2010, திங்கள் இரவு

“லேப்டாப்பையும் பூஜையில வெக்கணுமாங்க?” என்று சனிக்கிழமை, சரஸ்வதி பூஜையன்று, என் மனைவி கமலா கேட்டாள். புத்தகங்களோடு அதையும் வை என்றேன். கரும்பலகையைத் துடைப்பதுபோல் ஓரம்வரை அழுத்தித் துடைத்து, சந்தனப் பொட்டும் நானே வைத்தேன்.

நேற்று மஸ்கட் மருத்துவமனையிலிருந்து தம்பி போன் செய்தான். “ஆபரேஷனுக்கு உள்ள போறேண்ணே. ஒருவாட்டி வீடியோல வா. உன் சொட்டத் தலையப் பாத்தாத்தான் தைரியம் வரும்.” லேப்டாப்பில் இணையம் வரவில்லை. மோடத்தில் விளக்கு எரிந்தது. லைன் கோளாறு என்று நினைத்து அதையே அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். “பரவால்லண்ணே, வந்து பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டான்.

ஆபரேஷனிலிருந்து அவன் மீளவில்லை. இன்று மதியம் அவன் மனைவி போனில் சொல்லி அழுதாள். அவன் முகத்தை வீடியோவில் காட்டுகிறேன் என்றாள். அதற்காகப் பக்கத்து வீட்டு வங்கிக்காரரை அழைத்தேன். அவர் லேப்டாப்பின் முன்விளிம்பிலிருந்த சின்னச் சுவிட்சை நகத்தால் தள்ளினார். “வயர்லெஸ்ஸ யாரு சார் ஆஃப் பண்ணி வெச்சது?”

“துடைக்கும்போது பட்டிருக்கும்” என்றேன். கமலா என்னைப் பார்க்கவில்லை.

இணையம் உடனே வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தேன்.

எனக்கே எழுதி வைக்கிறேன்: இனி இணையம் வராவிட்டால், மோடத்தைத் தொடுமுன் அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்.