குழாயின் பின்பக்கத்தில் ஒரு ஓட்டை

மார்ச் 3, செவ்வாய்

மீன் தொட்டி வந்து இறங்கியது. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஆறு பேர் தூக்கி வந்தார்கள். ஏழாவதாக என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே வந்தார். கூடத்தில் சோபா இருந்த இடம் போயிற்று. அவர் வேலை பார்த்த பட்டறையை மூடி எட்டு மாதமாகிறது. எட்டு மாதமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் இனி மீனைப் பார்க்கப் போகிறாராம். முன்னேற்றம்தான்.

மார்ச் 7, சனி

தொட்டிக்குக் கீழே அலமாரி, அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேல் தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே வழிய வேண்டுமாம். அங்கே வடிகட்டியில் சுத்தமானதும், மோட்டார் அதை இன்னொரு குழாயில் மேலே ஏற்ற வேண்டுமாம். இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி! வேலை இல்லாதவர் தண்ணீருக்கு வேலை கொடுக்கிறார்.

"அப்பாவுக்குப் பொழுது போகுதேம்மா, விடேன்" என்றாள் மகள். பிறந்ததிலிருந்தே அவள் அப்பா கட்சி.

மார்ச் 12, வியாழன்

குழாய் வேலை ஆரம்பம். பசை போட்டு ஒட்டிய பிறகுதான் வளைவு தலைகீழாக இருப்பது தெரிந்திருக்கிறது. அறுத்தார். ஒட்டினார். மறுபடி அறுத்தார்.

குளிர்பான ஆலையில் பத்தொன்பது வருஷமாகக் குழாய்க் கசிவு பார்க்கிறவள் நான். எங்கே சொட்டினாலும் சிவப்பு மார்க்கரால் வட்டம் போடுவேன், அடைப்பேன், பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்க மாட்டார். கேட்டால் சிரிப்பேன் என்று தெரியும். சிரிப்பேன்தான்.

மார்ச் 15, ஞாயிறு

நாள் முழுக்க அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். முதுகு மட்டும்தான் குடும்பத்தோடு இருந்தது.

மார்ச் 18, புதன்

தண்ணீர் ஓடுகிறது. ஒப்புக்கொள்கிறேன், ஓடுகிறது. ஆனால் மீன் கிடையாது. வெறும் தண்ணீரைச் சில வாரம் சுற்ற விட்ட பிறகுதான் மீனாம். ஐந்நூற்றைம்பது லிட்டர் வெறும் தண்ணீருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஏதோ படம் ஓடுகிற மாதிரி.

காலையில் பல் தேய்க்கப் போகும்போது சீட்டியடித்தார். எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. சுருதி இல்லாத சீட்டி. அதையும் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சாப்பிடும்போது, "அந்த மேலேறுற குழாயில ஒரு விஷயம் இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பாடு ஆறுது" என்றேன்.

மார்ச் 21, சனி

பிடித்துவிட்டேன்! மேலேறி வந்து தொட்டித் தண்ணீருக்குள் முங்கும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு ஓட்டை. பென்சில் முனை நுழையும் அளவு. அதிலிருந்து சர்ரென்று பீய்ச்சி, பின்கண்ணாடியில் அடித்து வழிகிறது. அறுத்து ஒட்டிய லட்சணத்தில் எங்கேயோ குத்திவிட்டிருக்கிறார். அதை யார் கண்ணிலும் படாத பக்கமாகத் திருப்பி வேறு வைத்திருக்கிறார், கெட்டிக்காரர்.

அவர் கடைக்குப் போயிருந்தார். மோட்டாரை நிறுத்தி, குழாயைத் துடைத்து, ஆலையில் பூசும் பசையை உருட்டி அடைத்தேன். காய்ந்ததும் ஓட விட்டேன். சொட்டு இல்லை.

அவரிடம் சொல்லவில்லை. என்றைக்காவது தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்வார் அல்லவா, அன்றைக்கு எடுத்து விடலாம்.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானம் மின்சாரம் போனது. மோட்டார் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. மேலே ஏறின குழாய் வழியாகவே திரும்பிக் கீழே இறங்கியது. கீழ்த் தொட்டி நிரம்பி, அலமாரி வழிந்து, கூடம், நடை, படிக்கட்டு... அவர் ஓடிவந்து குழாயை மேலே பிடுங்கிய பிறகுதான் நின்றது. அதற்குள் கீழ் வீட்டு டீச்சரின் கட்டில்மேல் சொட்ட ஆரம்பித்துவிட்டது.

மூன்று பேரும் மண்டியிட்டுத் துடைத்தோம். நான் வாயை மூடவில்லை. "இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?"

அவர் கீழே போனார். "என் கணக்கு தப்பிடுச்சுங்க டீச்சர்" என்று அவர் சொன்னது படிக்கட்டு வரை கேட்டது.

மார்ச் 23, திங்கள்

தொட்டியைக் காலி செய்துவிட்டார். "யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்றார். நாற்காலி பழையபடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய நோட்டு கிடைத்தது. ஓரமெல்லாம் ஈரம். குழாயின் படம் போட்டு, அந்த ஓட்டைக்கு அம்புக்குறி. பக்கத்தில்: "மோட்டார் நின்றால் இது வழியாகக் காற்று புகும். காற்று புகுந்தால் தண்ணீர் கீழே இழுபடாது. முக்கியம்." அடியில் இரண்டு கோடு. அதற்கும் கீழே: "மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். சரி."

ஐயோ. ஓட்டையை அவர் வேணும்னேதான் போட்டிருக்கார். கணக்கெல்லாம் தப்பவே இல்லை. அடைச்சவ நான். அடைச்சிட்டு, அந்த ஈரத்துல நின்னு அவரையே திட்டினவளும் நான். பத்தொன்பது வருஷ அனுபவமாம். தூ.

மார்ச் 25, புதன்

இன்று சொல்லலாம் என்றுதான் ஆலையிலிருந்து வந்தேன். வந்து, துணி மடித்தேன்.

மார்ச் 26, வியாழன்

மகளிடம் உளறிவிட்டேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"அப்பாவுக்குத் தெரியும்மா. குழாயைப் பிடுங்கினப்பவே பசையைப் பார்த்துட்டாரு. அம்மா வேணும்னு செய்யல, நீ வாயைத் திறக்காதேன்னாரு."

அப்படியென்றால் டீச்சரிடம் 'என் கணக்கு' என்றது? தெரிந்தேதான். நான் திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டதும் தெரிந்தேதான். அவர் என்னைத் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை வெட்கமாக இருந்திருக்காது.

மார்ச் 28, சனி

முதலில் கீழே போனேன். "தப்பு அவர்மேல இல்லைங்க டீச்சர். நான்தான் தெரியாம அடைச்சேன்" என்றேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

பிறகு மேலே வந்து, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த முதுகிடம் சொன்னேன்.

"அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். "சாப்பாடு ஆறுதுன்னே."

கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

தொட்டி மறுபடி ஓடி மூன்று வாரமாகிறது. அடைத்ததைத் துளையிட்டு எடுத்தவள் நானே. ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'அடைக்கக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவர் சொல்ல, சோதனைக்கு மோட்டார் சுவிட்சை அணைத்ததும் நான்தான். ஓட்டை உஸ்ஸென்று காற்றை இழுத்ததும் தண்ணீர் கீழே இறங்காமல் நின்றுவிட்டது.

இன்று மீன் வந்தது. மூன்று! ஐந்நூற்றைம்பது லிட்டருக்கு மூன்று மீன். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள்.

சாப்பிடும்போது, "அந்த வடிகட்டியில ஒரு விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் சொன்னார். சாப்பாடு ஆறிப்போயிற்று.