உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம்

அன்பு மகள் ஹேவோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் குளிரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் அந்த ஹாம்பர்க் மழையில் நனையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இந்த வருஷக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸை ஊறப்போட்டபோது உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன், உன் சித்தி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது கிம்ச்சியா கடலா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உன் பெரியம்மாவுக்கு மறதி நோய் தொடங்கியதும் இப்படித்தானே.

அந்தப் பயத்தில் இருக்கும்போதுதான் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தக் கூத்து. ஊர்க் கழிவுநீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு பாட்டில், சுத்தமாகி ஆற்றுக்குப் போகும் இடத்தில் ஒரு பாட்டில் பிடித்து, ஒரு ஆன்டிபயாடிக் மருந்து எவ்வளவு அழிகிறது என்று பார்க்க வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தேன். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம் என்று முடிவு வந்தது. எங்கள் மேலாளர் பியோன், "பாட்டில்ல சீட்டை மாத்தி ஒட்டிட்டீங்கம்மா, வயசாகுதுல்ல" என்று சொல்லி, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கே என்மேல் சந்தேகம், போட்டுவிடத்தான் இருந்தேன். கூட வேலை செய்யும் சூன்போக் விடவில்லை, என்னோடு வந்து புதிதாகப் பாட்டில் பிடித்து, தன் கையாலேயே சீட்டு ஒட்டி மறுபடி அனுப்பினாள். அதே முடிவுதான் வந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா புத்தி கலங்கும்? போக்கா, போய் வேலையப் பாரு" என்றாள்.

ஆய்வகத்துப் பெண்ணைப் போனில் கேட்டேன். "நாம முழுங்குற மருந்துல கொஞ்சத்துக்கு உடம்பு ஒரு வால் ஒட்டி வெளிய அனுப்புதும்மா. வாலோட இருந்தா எங்க மெஷினுக்கு அது அந்த மருந்தாவே தெரியாது. உங்க தொட்டியில இருக்குற கிருமிங்க வாலைக் கடிச்சு எடுத்துட்டா பழைய மருந்து திரும்பி வந்து நிக்குது" என்றாள். கேட்டதிலிருந்து தலை சுற்றுகிறது. அப்படியானால் இத்தனை வருஷம் அழுக்கைத் தின்னட்டும் என்று நாங்கள் காற்று ஊதி ஊதி வளர்த்த கிருமிகள் மருந்தைத் தின்றனவா, சரிசெய்து கொடுத்தனவா? மிச்ச மருந்துகளும் இப்படித்தானா? அப்பாவிடம் புலம்பினால், "இனிமே ஒண்ணுக்குப் போறதுக்கும் உங்கிட்ட அனுமதி கேக்கணுமா?" என்கிறார். நீ படித்தவள், உனக்காவது புரிகிறதா என்று எழுது.

பியோனுக்குப் புரிந்ததோ இல்லையோ, "இந்த வால் கதையெல்லாம் அதிகாரிங்ககிட்ட சொல்ல முடியாதும்மா, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுபோச்சு" என்று தாளை மறுபடி நீட்டினார். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். போட்டால் நாளைக்கு எதை மறந்தாலும், தவறு என்னுடையது என்ற அந்தத் தாளைத்தான் நம்புவேன் என்று தோன்றியது, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேலை இருக்குமா தெரியவில்லை. மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறேன், மறதி என்றால் மறதி, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பாட்டிலை நான் மாற்றவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு, கண்ணே. மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டாதே, மருந்துக்கடையில் திருப்பிக் கொடு. இந்தத் தாளில் மட்டும் மனதாரக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
மல்சுன்