ஏழடி நிழல்

தன் நிழலைத் தன் காலால் அளந்தே பொழுது சொன்ன என் அண்ணனுக்கு,

நான் ஊருக்கு வந்துவிட்டேன். திருவிழாவுக்கு வந்துபோகிற வருகை இல்லை, ஒரேயடியாக. சென்னப்பட்டணத்தில் பெரிய வக்கீல் வீட்டு மாடியில் கிடந்த என் புத்தகப் பெட்டிகள் மூன்றும் ரயிலேறி அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தன. கோர்ட்டுக்குப் போகிற தெருவில் ஓர் அறை பிடித்து, வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன். பி.ஏ., பி.எல். என்று எழுதியவன் புள்ளிகளைத் தாராளமாக வைத்துவிட்டான். நீ பார்த்தால், "இன்னும் ரெண்டு புள்ளி வச்சா கோலமே போட்டிரலாம்லே" என்பாய்.

ஹைக்கோர்ட்டை விட்டு முன்சீப்பு கோர்ட்டுக்குப் போகிறானே என்று பட்டணத்துச் சிநேகிதர்கள் சிரித்தார்கள். இங்கே வந்தால், கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று என் காதுபடவே சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்குத் தொழில் தெரியும், அண்ணே. தன்னடக்கத்தைக் கிழவனான பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

ஒன்றுதான் சுருக்கென்று தைத்தது. ரயிலைவிட்டு இறங்கியதும் வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரு நிழலளந்தான் தம்பிதானவே? சாடையே சொல்லுதே. ஏறும்" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஊரில் உனக்கு இப்போது அதுதான் பெயர். நீ போய் நான்கு வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை.

அந்தப் பெயர் வந்த கதை உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஆற்றிலிருந்து பிரிந்து வரும் எங்கள் வாய்க்காலில் மூன்று மடைகள். முதலில் தலைமடை, அடுத்து ஆவுடையப்ப அண்ணாச்சியின் நடுமடை, கடைசியில் எங்கள் கடைமடை. காலையில் ஒருவனுடைய நிழல் அவன் பாதத்துக்கு ஏழடியாகச் சுருங்கியதும் தலைமடையை அடைத்துவிட வேண்டும். சாயங்காலம் அது மறுபடி ஏழடியாக நீளும்வரை தண்ணீர் கீழே உள்ளவர்களுக்கு. ஒரு நாள் நடுமடைக்கு, மறுநாள் கடைமடைக்கு. தாத்தாவுக்குத் தாத்தா காலத்து முறை இது. எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. நம் முறைநாளிலும் ஆவுடையப்ப அண்ணாச்சி தன் மடையை அடைக்க மாட்டேன் என்றார். நீ கோர்ட்டுக்குப் போனாய். நான் அப்போது பட்டணத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். அரைகுறையாகப் படித்தவனுக்கு வாய் நீளம். உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். "கோர்ட்டில் அடிக்கணக்கு, நிழல்கணக்கு எல்லாம் எடுபடாது. சிரிப்பார்கள். காலை பத்து மணிக்கு முறை மாறும் என்று மணிக்கணக்காகச் சொல்லு." இதுதான் நான் எழுதியது. ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

நீ அப்படியே சொன்னாய். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். உன்னிடம் கடிகாரம் உண்டா என்றார். இல்லை என்றாய். பின்னே எப்படித் தெரியும் என்றார். நிழல் ஏழடிக்கு வந்தால் பத்து மணி என்றாய். சித்திரையிலுமா என்றார். உனக்குப் பொய் வராது. தையில்தான் பத்து, சித்திரையில் ஒன்பதுக்கே ஏழடி வந்துவிடும் என்றாய். பத்தா, ஒன்பதா? யார் நிழல்? யார் அடி? நெட்டையன் நிழலா, குட்டையன் நிழலா? கோர்ட்டே சிரித்ததாம். அன்றோடு நீ ஊருக்கு நிழலளந்தான் ஆனாய். முறை எதுவும் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பானது.

அந்தக் கேள்விக்கு உனக்குப் பதில் தெரியாதா, அண்ணே? வெயிலில் இறங்கி நின்று ஒரு நிமிஷத்தில் காட்டியிருப்பாய். பத்து மணி என்று சொன்ன வாயால் மறுபடி அடிக்கணக்கைப் பேச உனக்குக் கூசியிருக்கும். அந்தக் கூச்சத்தை உனக்குத் தபாலில் அனுப்பியவன் நான்.

வயல் காய்ந்தது. நீ மலைத்தோட்டத்து வேலைக்குப் போனாய். மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்தாய். எட்டே நாளில் கண்ணை மூடிவிட்டாய். நான் வந்து சேர்ந்தபோது உன் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

இந்தத் தடவை வந்ததும் முதல் வேலையாக மதினியிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"தெரியும் தம்பி. வாத்தியார் வந்து வாசிச்சப்ப நானும்தானே கேட்டுக்கிட்டு நின்னேன். கோர்ட்டுக்குப் போற அன்னைக்கு உங்க அண்ணன் முத்தத்துல நின்னு நிழலை அளந்துக்கிட்டே, 'பத்து மணி, பத்து மணி'ன்னு வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டாக. என்னத்துக்கு இப்பிடின்னு கேட்டேன். தம்பி படிச்சவன், சரியாத்தான் சொல்லுவான்னாக."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

பலகை மாட்டிப் பத்து நாள் ஆகியிருக்கும். என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றவர் யார் என்று நினைக்கிறாய்? ஆவுடையப்ப அண்ணாச்சி. தலைமடை வயல்களைப் புதிதாக ஒரு பண்ணையார் வாங்கியிருக்கிறார். அவர், இந்த வாய்க்காலில் முறை என்று ஒன்றும் இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே என்று தலைமடையைத் திறந்தே வைத்துவிட்டார். காட்டியது எந்தத் தீர்ப்பை? உன்னைத் தோற்கடித்து அண்ணாச்சி வாங்கிய அதே தீர்ப்பை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் என் முன்னால் நின்றார்.

"தம்பி, கருது பால் பிடிக்கிற நேரம். பயிரு கண்ணு முன்னால காயுது. திருநெல்வேலி வக்கீலுமாரு எவனுக்கும் இந்தக் கணக்கு வெளங்க மாட்டேங்கு. உமக்கு வெளங்கும்."

வெளியே போம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஊரும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் அண்ணே, நடுமடைக்குத் தண்ணீர் வராமல் கடைமடைக்கு எப்படி வரும்? இவர் ஜெயித்தால்தான் நம் வயலுக்கு ஈரம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு மதினியிடம் வந்தேன்.

மதினி வைக்கோலை உதறி மாட்டுக்குப் போட்டாள். பிறகு, "எடுத்து நடத்துங்க. ஆனா ஒண்ணு. அன்னைக்கு, எனக்கு ஒரு முறையும் தெரியாதுன்னு அவரு சொன்ன அதே கூண்டுல ஏறி, உங்க அண்ணன் சொன்ன ஏழடி நெசம்னு அவரு வாயால சொல்லணும்" என்றாள்.

அண்ணாச்சியிடம் அதைச் சொன்னேன். அதில் உள்ள ஆபத்தையும் மறைக்கவில்லை. முன்னே சத்தியம் செய்து சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால் அதற்கே அவர் மேல் வழக்கு வரலாம், ஜெயிலும் உண்டு என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கட்சிக்காரர் கைவிட்டுப் போனார் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தார். "சொல்லுதேன் தம்பி. எம் பயிரு காயுததப் பாத்த பொறவுதான் உம்ம அண்ணன் மூஞ்சி ஞாவகத்துக்கு வருது. தூங்க முடியல" என்றார்.

வழக்கு நடந்த நாளை நீ பார்த்திருக்க வேண்டும். எதிரே திருநெல்வேலியிலிருந்து வந்த வக்கீல், ஆறடிக்கு மேல் உயரம், காலில் பளபளவென்று தோல் சப்பாத்து. அண்ணாச்சி கூண்டில் ஏறி ஏழடி முறையைச் சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"இப்படி ஒரு முறையே தெரியாது என்று இதே கோர்ட்டில் முன்பு சொன்னீரா?"

"சொன்னேன்."

"இப்போது மட்டும் தெரியுமோ?"

"அன்னைக்கும் தெரியும்."

"அப்படியானால் அன்றைக்குச் சொன்னது என்ன?"

அண்ணாச்சி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "பொய்யி, எசமான். நெசத்தைச் சொன்னவன் கடைமடைக்காரன். அவனைத்தான் எல்லாரும் சிரிச்சோம்."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. மதினி வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவளுக்கு அது கேட்டிருக்குமா?

பிறகு எதிர்க்கட்சி வக்கீல் அந்தப் பழைய கேள்வியைத் தூக்கினார். யார் நிழல்? யார் அடி? நெட்டையனா, குட்டையனா? அதற்காகத்தான் நான் பட்டணத்திலிருந்து வந்ததே. முன்சீப்பு ஐயாவை இரண்டு நிமிஷம் வெயிலில் இறங்கி வரும்படி கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், வந்தார். கோர்ட்டு டவாலிச் சேவகர் உயரத்தில் பனைமரம், அண்ணாச்சி அம்மிக்கல். இரண்டு பேரையும் நிறுத்தி, தலை நிழல் விழுந்த இடத்தில் கல் வைத்து, அவரவர் பாதத்தால் அளக்கச் சொன்னேன். சேவகருக்கு ஐந்தடி. அண்ணாச்சிக்கும் ஐந்தடி, ஒரு விரல்தான் கூடுதல். ஆள் நெட்டை என்றால் காலும் நீளம், அவ்வளவுதான் சூட்சுமம்.

எதிர்க்கட்சி வக்கீல் நம்பவில்லை. தானே போய் நின்று அளந்தார். "எனக்கு நாலரைதான்!" என்று கையைத் தூக்கினார். முன்சீப்பு அவர் காலைப் பார்த்து, "சப்பாத்தைக் கழற்றிவிட்டு அளந்து பாரும்" என்றார். கழற்றினார். ஐந்தடி. கடைசியில் முன்சீப்பே தம் செருப்பை ஓரமாக விட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதிகாலும் விரலும் முட்ட முட்ட நடந்து அளந்தார். அவர் உதடு அசைந்து எண்ணியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அண்ணே. நீ முற்றத்தில் இப்படித்தானே எண்ணியிருப்பாய்.

தையில் பத்து, சித்திரையில் ஒன்பது என்பதற்கும் பதில் சொன்னேன். பொழுது குறுகும் காலத்தில் முறையும் குறுகும். ஊர் வைத்திருப்பது சூரியக் கணக்கு, கடிகாரத்தை அதில் நுழைத்தது ஒரு அரைகுறைச் சட்ட மாணவனின் புத்தி என்றேன். யார் அந்த மாணவன் என்றார் முன்சீப்பு. நான்தான் என்றேன்.

ஊரில் இன்னும் ஆறு பேர் வந்து முறையைச் சொன்னார்கள். தீர்ப்பு நம் பக்கம். ஒருவன் நிழல் அவன் பாதத்துக்கு ஏழடி என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். பழைய பொய்க்காக அண்ணாச்சியைக் கடுமையாகக் கண்டித்து, அத்தோடு விட்டார்கள். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

இன்று காலை கடைமடை முறைநாள். வயலுக்குப் போனேன். மதினி வரப்பில் நின்றாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிழல் நுனியில் கல் வைத்து அளந்தேன். எட்டு. கொஞ்சம் பொறுத்து அளந்தேன், ஏழரை. அண்ணே, காலடியில் மண் எவ்வளவு சுட்டது தெரியுமா? ஏழு வந்ததும் கையை ஆட்டினேன். மேலே நடுமடையில் அண்ணாச்சி மண்வெட்டியால் மடையை அடைப்பது தெரிந்தது. அவர் கூப்பிட்டது வயல் முழுக்கக் கேட்டது.

"ஏ நிழலளந்தான் தம்பி! தண்ணி வருது, பாரும்வே!"

வந்தது. பைய, வெடித்துக் கிடந்த மண்ணை நனைத்துக்கொண்டு வந்தது. மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் முன்னால் வந்து நிற்கிற யாரையும், கோர்ட்டு சிரிக்கும் என்பதற்காக, அவர்கள் அளவை மாற்றிச் சொல்லச் சொல்ல மாட்டேன். சிரிப்பவர்களை வெயிலில் இறக்கி அளக்க வைப்பது என் வேலை. அதற்காகவே இந்த ஊரில் இருப்பேன்.

பெயர்ப்பலகைக்காரனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பி.ஏ., பி.எல்.லுக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கடிதத்துக்குக் கீழே எழுதுகிற அதே வரிதான்.

இப்படிக்கு,
நிழலளந்தான் தம்பி
பிச்சையா