கரியாலூர் ஏரியும் கொழுந்தனாரின் மலையும்

22.8, வெள்ளி

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

நாளை மும்தாஜ் காரில் கரியாலூர் ஏரி. அவள், செல்வி, நான். மூவரும் ஒரே அலுவலகம். வருடக்கணக்காக "ஒருநாள் போகணும்" என்று பேசிக்கொண்டே இருந்த இடம். எடுக்க வேண்டியவை: சால்வை, டார்ச், வாந்தி மாத்திரை (செல்விக்கு), பச்சைச் சுடிதார்.

சாயங்காலம் கொழுந்தனார் சேகர். காபியைத் தொடவில்லை.

"இன்னா அண்ணி, மலைக்குப் போறீங்களாமே? அண்ணன் போய் இன்னும் வருஷம் முடியல. சாவு விழுந்த வூட்டுக்காரங்க மலை ஏறலாமா?"

"அது மலைக்கோயிலுக்குத்தானே தம்பி. நான் போறது ஏரிக்கு."

"மலைன்னா மலைதான்."

"வாராவாரம் மரவள்ளி ஏத்த நீங்க அதே மலைக்கு லாரியில போய்க்கினுதானே இருக்கீங்க?"

"அது பொழப்பு."

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: நான் மலை ஏறினால் அடுத்த மாத வருஷ திதி அவர் வீட்டில். நான் வர வேண்டாமாம். என் கணவர் திதிக்கு எனக்கே அழைப்பு இல்லை.

செல்வி போனில்: "விழுப்புரத்துல டிரெய்னிங்னு சொல்லிடுக்கா. பிரச்சினையே இல்ல."

மாட்டேன். பொய் சொல்லிவிட்டுப் போக ஏரி என்ன தப்பான இடமா?

23.8, சனி

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை விட்டது. வளைவுகளில் செல்வி கண்ணைத் திறக்கவே இல்லை. மும்தாஜ்: "கண்ண மூடிக்கினு வர்றவளுக்கு எதுக்குடி ஜன்னல் சீட்டு?"

முன்னால் ஒரு மரவள்ளி லாரி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் நம்பர் பிளேட்டைப் பார்த்தோம். சேகருடையது இல்லை. சிரித்தோம். பிறகு எனக்குக் கோபம். நான் ஏன் பார்த்தேன்?

வெள்ளிமலையில் அறை. போர்வை கம்மி, குளிர் ஜாஸ்தி. புளிசாதம் கட்டிவந்த செல்வி ஊறுகாயை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

24.8, ஞாயிறு

ஏரி நினைத்ததைவிடச் சின்னது. பனி விலகும்வரை படகு விடமாட்டார்களாம். காத்திருந்தோம். லைஃப் ஜாக்கெட்டில் யாருடைய வியர்வையோ.

மிதிபடகு. மும்தாஜ் திருப்பிய திருப்பில் நேராகக் கரையோரக் கோரைக்குள். விலா வலிக்கச் சிரிப்பு.

ஏரி நடுவில் செல்வி மிதிப்பதை நிறுத்தினாள். "அண்ணனும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், இல்லக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படகில் ஏறியதிலிருந்து அவர் நினைவே வரவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறை. தோளிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவரிடமும்கூட.

"மிதிடி" என்றேன்.

படகில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். மும்தாஜ்: "யக்கா, உன் கொழுந்தன் இதப் பாப்பானே."

"பாக்கட்டும்னுதான் வச்சேன்."

சென்னை ஹாஸ்டலிலிருந்து மகள் ஒரு இதயம் அனுப்பினாள். சேகரும் பார்த்துவிட்டார். 

25.8, திங்கள்

கெண்டைக்கால் வலி. பால் திரிந்துவிட்டது.

அலுவலகம் கிளம்பும்போது சேகர்.  கூடத்துச் சுவரில் இருந்த அண்ணன் படத்தையே பார்த்தார்.

"படத்தக் குடுங்க அண்ணி. திதி எங்க வூட்ல." நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றேன்.  

"படம் எடத்த வுட்டு அசையாது தம்பி. திதி இங்கதான். நான்தான் சமைப்பேன்."

"திதி செய்யறது யாரு?"

"பொண்ணு இருக்கா."

"மலை ஏறினவங்க கையால எவன் சாப்புடுவான்?"

"நீங்களும் ஏறினவருதானே. வந்து சாப்புடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பைக் சத்தம்.

நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். பஸ் போய்விட்டது. அடுத்த மாதத்துக்கு வாழை இலை சொல்லிவைக்க வேண்டும். சேகருக்கும் சேர்த்து.