கலா வாங்கி வந்த ரிப்போர்ட்

மார்ச் 4, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். அப்படியும் விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனேன். பறித்த தேயிலைக் கொழுந்து 17 கிலோ. மறுபடியும் ரத்தம். மாதவிலக்கு நின்று ஆறு வருடம், இதென்ன கூத்து. ஜனவரியில் கிளினிக்கில் ஸ்கேன் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட் வாங்க எனக்கு லீவு இல்லை, நோய் விவரம் எழுதும் கொப்பியைக் கொடுத்து மகள் கலாவை அனுப்பினேன். "சும்மா கட்டிதாம்மா, மாத்திரை போதுமாம்" என்றாள். மாத்திரையும் தீர்ந்தது. நாளைக்கு நானே போகிறேன்.
வாங்க: சவர்க்காரம், கலாவின் கல்யாணச் சட்டைக்கு சிவப்பு நூல்.

மார்ச் 5, வியாழன்
பஸ்ஸில் நின்றபடியே போனேன். கிளினிக்கில் தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் கொப்பியைப் பார்த்தார்.
"போன மாசம் ஆப்பரேஷனுக்கு நாள் குடுத்தமே? இப்ப வர மாட்டீங்கன்னு மக வந்து சொல்லிட்டுப் போனாங்க."
"என்ன ஆப்பரேஷன் மிஸ்?"
கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய்.
டொக்டரிடம் கூட்டிப் போனார். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, மிஸ் தமிழில்: கருப்பை, சூலகம் இரண்டும் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சோதித்த பிறகுதான் கரண்ட் பிடிப்பதா, அதாவது கதிர்ச் சிகிச்சை தருவதா என்று முடிவு. வெளியே பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை. இந்த நிலையில் பெரும்பாலும் குணமாகுமாம். "ஆனா இனியும் தள்ளாதீங்க." திங்கள் அட்மிட்.
குணமாகும் என்பதைக்கூட வீட்டில் மறைத்திருக்கிறார்கள். பாவிகள்.

அன்றே, மாலை
கேட்டேன். வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கலா அழுதாள். "மாப்புள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும்மா. அடுத்த மாசம் அது முடிஞ்சதும் ஒங்கள கூட்டிட்டுப் போலாம்னு அப்பாதான் சொன்னாரு." தேற்றக் கை போனது. இழுத்துக்கொண்டேன். திங்கட்கிழமையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மார்ச் 7, சனி
நல்ல வெயில். போர்வை துவைத்தேன். மஸ்கெலியாவுக்கு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, நானே போன் எடுத்தேன். நின்றால் நிற்கட்டும், ஒளித்து வைத்து ஒரு கல்யாணம் வேண்டாம். நோயின் பெயரை முதல்முறையாக என் வாயால் சொன்னேன்.
"தெரியும் சம்பந்தி. கலா எம் மகன்கிட்ட அப்பவே சொல்லிருச்சே. கல்யாணத்த முடிச்சிட்டு ஆஸ்பத்திரி போலாம்னு எல்லாரும் சேந்துதானே பேசுனோம். ஒங்களுக்கும் சம்மதம்னாங்களே?"
எல்லாரும். என் வயிற்றைப் பற்றி, என்னைத் தவிர எல்லாரும்.

மார்ச் 8, ஞாயிறு
பனி. பையில் உடுப்பு இரண்டு, கோப்பை, அடையாள அட்டை. என்னோடு கொழுந்தெடுக்கும் பார்வதி துணைக்கு வருகிறாள்.
தலை வாரிக்கொண்டே கலா கேட்டாள். "நாள் ஏதும் குடுத்தாங்களாம்மா?"
"கல்யாணத்துக்குப் பொறகுதான்" என்றேன்.
நிம்மதியாகச் சிரித்தாள். நாளைக்கு முதல் பஸ்.