தூங்குகிற இழுப்பு

பண்டமாரான், கிள்ளான்.
மார்கழி மாதம், திங்கட்கிழமை.

என் கூடப் பிறந்த சிவநேசனுக்கு, கொஞ்சம் முந்திப் பிறந்த காரணத்தால் மட்டும் அண்ணன் ஆகிவிட்ட கார்த்திகேசு சொல்லச் சொல்ல, மருமகள் புனிதா எழுதுவது. நீயும் உன் வீட்டில் எல்லாரும் நல்லா இருக்க வேண்டும்.

மகளே தனலெட்சுமி, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டம்மா. பாதியில் எழுந்து போகப் பார்ப்பான். கையைப் பிடித்து உட்கார வை.

தம்பி, போன மாதம் மூச்சு இழுப்பு முற்றி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். தனலெட்சுமி புனிதாவுக்கு வாட்ஸ்ஆப்பில் போட்டுத்தான் எனக்குத் தெரியும். நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அது போகட்டும். இன்றைக்கு என்னால் கோபப்பட முடியாது. அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறேன். காலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள் மாமா, கை வலிக்குது என்று புனிதா ஏசுகிறாள்.

விஷயம் இதுதான். முட்டிவலிக்கு மருந்து வாங்கக் கோலாலம்பூரில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சின்ன வயதில் இழுப்பு இருந்து அப்புறம் நின்று போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு தாதி கேட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடமே போகாத ஆளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும் என்று புனிதா கேட்கிறாள். நம்மைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் பண்ணியதே அந்த இழுப்புதான் என்று அவளுக்குச் சொன்னேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரே பாயில் உட்கார்ந்து நீ ஒரு இழுப்பு, நான் ஒரு இழுப்பு என்று விடிகிற வரைக்கும் இழுத்தோமே. அம்மா யார் முதுகை முதலில் தடவுவது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்து அழுவாள்.

உள்ளே நாகம்மை என்று ஒரு டாக்டரம்மா. இழுப்பு ஏன் சிலருக்கு நிற்கிறது, சிலருக்கு நிற்பதில்லை என்று ஆராய்ச்சி பண்ணுகிறார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றார். ஒருத்தன் உண்டு, அச்சு அசலாக என்னைப் போலவே இருப்பான், இரட்டை, அவனுக்கு இன்னும் இழுப்பு நிற்கவில்லை என்றேன். டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார் லா! ஐயா, இதை வாசலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று சிரிக்கிறார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி சொல்கிறேன். உடம்புக்குள் ஜீன் என்று ஒன்று இருக்கிறது. நம் மாதிரி இரட்டைக்கு அது ஒன்றேதான். ஆனால் அதன் மேலே சின்னச் சின்னக் குறிகள் ஒட்டிக்கொள்ளுமாம். எதை எழுப்ப வேண்டும், எதைத் தூங்க வைக்க வேண்டும் என்று அந்தக் குறிகள்தான் சொல்லுமாம். நாம் இழுக்கிற தூசி, புகை, இருக்கிற இடம், இதெல்லாம் சேர்ந்து குறியை மாற்றுமாம். டாக்டரம்மா, தண்டவாளம் ஒன்றுதான், தடம் மாற்றுகிற பாயிண்ட் கம்பியை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் ரயில் போகும், அப்படித்தானே என்று கேட்டேன். ஏறக்குறைய அப்படித்தான் ஐயா, ஆனால் கம்பி ஒன்றல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கிறது, எது எதை இழுத்தது என்று நாங்களே இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்.

சிவநேசா, இப்போதுதான் நீ எழுந்து போகப் பார்ப்பாய். உட்கார்.

நாம் இரண்டு பேரும் ஒரே மஞ்சள் துணியை இரண்டாகக் கிழித்துக் கட்டிக்கொண்டு பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தோம். இழுப்பு நிற்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல். அடுத்த மழைக்காலம் எனக்கு இழுப்பு வரவில்லை. உனக்கு வந்தது. முருகன் ஒருத்தன் பாலைத்தான் ஏற்றுக்கொண்டான், மற்றவன் விரதத்தில் என்ன குறையோ என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறு வருஷம் நீ தனியாக எடுத்தாய். பாதிப் படியில் மூச்சு முட்டி, பால் கொட்டி, உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அதோடு நீ மலைக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. வடக்கே சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டாய்.

டாக்டரம்மா என்ன கேட்டார் தெரியுமா? அந்தச் சமயத்தில் உங்கள் இரண்டு பேர் வாழ்க்கையிலும் என்ன மாறியது என்றார். சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பளிச்சென்று கண் முன்னால் வந்தது. கிள்ளான் பக்கம் மேருவில் கோழித்தீவன மில்லில் இரண்டு பேரும் மூட்டை தூக்கினோம். மூக்கு, காது எல்லாம் தவிட்டுத் தூள். முதல் பால்குடம் எடுத்த அந்த வருஷம்தான் ரயில்வேயில் ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் போய் நின்றோம். ஆள் எடுக்கிற ஆபீஸ் கிராணி நம்மை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்றுதான், முன்னால் நிற்கிறவன் வா என்றான். முன்னால் நின்றது நான். நான் காற்றாடத் தண்டவாளத்துக்குப் போனேன். நீ தூளுக்கே திரும்பிப் போனாய்.

அதுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், ஒரு ஆளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இரண்டு பேரையும் சோதித்தாலும் முழுப் பதில் கிடைக்காமல் போகலாம் என்றார். ஆனால் விரதத்தில் குறை வைத்தால் ஜீனில் குறி விழுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படி ஒன்றும் கிடையாது ஐயா, தம்பியிடம் சொல்லுங்கள் என்றார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்னொன்றும் கேள். எனக்கு நோய் போய்விட்டது என்றுதானே இத்தனை வருஷமும் நீயும் நானும் நினைத்தோம். போகவில்லையாம். தூங்குகிறதாம். எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம், புகை மூட்டம் வந்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்கிறார். கேட்டதும் மற்றவர்களாக இருந்தால் பயந்திருப்பார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், தம்பி. அம்மா மடியில் இருந்த மாதிரியே நாம் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். உன்னுடையது முழித்திருக்கிறது, என்னுடையது தூங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதனை ரொம்பச் சுலபம். கோவிட் சமயத்தில் விட்ட மாதிரி மூக்கில் ஒரு குச்சி, ஒரு குழாயில் ஊதுவது, கொஞ்சம் ரத்தம். உனக்குச் சரியான மருந்து கொடுக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்கிறாராம். அங்கேயே ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பலாம், வரவேண்டிய கட்டாயமில்லை என்றும் டாக்டரம்மா சொன்னார். இதை நான் விட்டுவிடப் பார்த்தேன். மறைத்தால் அது பொய் மாமா, எழுதியே தீருவேன் என்று புனிதா எழுதிவிட்டாள்.

கட்டாயமில்லைதான். ஆனாலும் தைப்பூசத்துக்கு முன்னால் வா. மருந்தையும் மூச்சுக்கு அடிக்கிற பம்பையும் பையில் போட்டுக்கொண்டு தனலெட்சுமியோடு ரயில் ஏறு. கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில், நாம் விளையாடிய அதே பிரிக்பீல்ட்ஸில், நான் நிற்பேன். கண்ணாடியில் பார்க்கிற முகத்தைத் தேடு, கண்டுபிடித்துவிடுவாய். கூட்டம் கூடுவதற்கு முன்னால் ஒரு நாள் பத்துமலைக்குப் போவோம். நீயும் ஏற வேண்டாம், நானும் ஏறவில்லை. கீழே நின்றாலும் அவனுக்குத் தெரியும்.

டாக்டரம்மாவைப் பார்க்கிற வரிசையில் மட்டும் இந்தத் தடவை நீ முன்னால் நில். நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன்.

உன் மூச்சு சீராக இருக்கட்டும், தம்பி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
கார்த்திகேசு